ஆர்முடுகல்: பக்தாதிலிருந்து தெமோதரை வரை

பத்தாம் தரத்து விஞ்ஞானப் பாடவேளை. பதுளை மாவட்டத்தில், ஒரு பக்கம் தேயிலை மலையும் மறுபக்கம் எங்கள் ஊருமாக அமைந்த சிறு பாடசாலை அது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி வருபவர்கள். மீதிப் பேர் ஊர்ப் பிள்ளைகள். கரும்பலகையில் வழக்கம்போல எழுதினேன்: இறுதி வேகத்திலிருந்து ஆரம்ப வேகத்தைக் கழித்து, வருவதை எடுத்த நேரத்தால் வகுக்க, ஆர்முடுகல் கிடைக்கும்.

எழுதி முடித்ததும், பதினெட்டு வருடங்களாக ஒப்புவித்து வரும் வசனத்தையும் ஒப்புவித்தேன். "பிள்ளைகளே, இந்தக் கருத்தை நியூட்டனுக்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே பக்தாதில் அபுல் பரகாத் சொல்லிவிட்டார். நேரத்தை அளக்கும் ஊசலை அவருக்கும் முன்பே கெய்ரோவில் இப்னு யூனுஸ் கண்டுபிடித்துவிட்டார்."

முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பியது.

"சேர், அபுல் பரகாத் எவ்வளவு என்று கண்டார்?"

"எது எவ்வளவு மகள்?"

"விழுகிற கல்லின் ஆர்முடுகல், சேர். ஒரு செக்கனுக்கு எவ்வளவு கூடும் என்று கண்டார்?"

என்னிடம் விடை இருக்கவில்லை. மணி அடித்தது, தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இதே வசனத்தை மீலாத் மேடைகளில் பேசியிருக்கிறேன். பாடசாலையின் சுவர்ப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். 'நம்மவர்கள் உலகுக்கு அளித்தவை' என்ற வகைக் கட்டுரைகளை நம்மில் பலர் எழுதினோம், வாசித்தோம், மகிழ்ந்தோம். அந்தப் பிள்ளை கேட்டது போல 'எவ்வளவு?' என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விடை தேடிச் சென்ற வழியில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அவற்றுள் சில எனக்கு இனிக்கவில்லை.

ஒரு சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்துப் பாடநூல்கள் 'முடுக்கம்' என்பதை நாம் 'ஆர்முடுகல்' என்கிறோம். அங்கே 'திசைவேகம்' என்பது இங்கே 'வேகம்'. அங்கே 'வேகம்' என்பது இங்கே 'கதி'. வேகம் கூடுவது ஆர்முடுகல் என்றால் குறைவது அமர்முடுகல். 1950களிலும் 1960களிலும் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிப்பதற்காக அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்தில் நம் பாடநூல்களில் நிலைபெற்ற சொற்கள் இவை. 'முடுகு' என்பது விரைதலைக் குறிக்கும் பழைய வினை. யாப்பு படித்தவர்கள் முடுகு வெண்பாவை அறிவார்கள். நடை விரைந்து ஓடும் இடமே அங்கு முடுகு. பாட்டின் ஓட்டத்துக்குரிய சொல்லை இயக்கத்தின் கணக்குக்கு எடுத்துக்கொண்டவர்கள் நல்ல தமிழ் தெரிந்தவர்கள்தாம்.

ஆனால் 'விரைதல்' வேறு, 'விரைவு கூடுதல்' வேறு. இந்த வேறுபாட்டிலேயே பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நேராகவும் சீராகவும் ஓடும் வண்டிக்கு ஆர்முடுகல் இல்லை. புறப்பட்ட கணத்தில் நத்தைபோல ஊர்ந்தாலும் கோச்சிக்கு ஆர்முடுகல் உண்டு. எவ்வளவு வேகம் என்பது அங்கே கேள்வியல்ல. ஒரு செக்கன் கழிய, இருந்த வேகத்தோடு எவ்வளவு சேர்ந்தது என்பதே கேள்வி. இதைப் பிரித்துக் காண மனித இனத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்கள் எடுத்தன. பத்தாம் தரத்துப் பிள்ளை நாற்பது நிமிடத்தில் பிடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

துன்ஹிந்தையில் தெரிவது

கீழே விழும் பொருள் விழ விழ விரைவு பெறுகிறது என்பது பழங்காலத்தவருக்கும் தெரிந்திருந்தது. கிரேக்கரான ஸ்திராட்டோ கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் இதற்கு ஓர் அழகான சான்று காட்டினார். உயரத்திலிருந்து ஊற்றப்படும் நீரைப் பாருங்கள். மேலே ஒரே தாரையாக இருக்கிறது. கீழே வர வரத் துண்டு துண்டாக அறுந்து துளிகளாகிறது. கீழேயுள்ள நீர் மேலேயுள்ள நீரைவிட வேகமாக ஓடாவிட்டால் தாரை ஏன் அறுபட வேண்டும்? ஸ்திராட்டோவின் நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்து உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் இதை எழுதி வைத்ததால் அறிகிறோம்.

இதைக் காணப் பதுளைக்காரர் தூரம் போக வேண்டியதில்லை. நகரிலிருந்து சிறிது தூரத்திலுள்ள துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ 64 மீற்றர். உச்சியில் தடித்து விழும் நீர் அடியில் பனிப்புகையாகச் சிதறி நிற்கிறது. காற்றின் தடை இல்லையென்று வைத்துக்கொண்டால், 64 மீற்றர் விழ ஏறத்தாழ 3.6 செக்கன் போதும். அடியை எட்டும்போது வேகம் செக்கனுக்கு 35 மீற்றர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 127 கிலோமீற்றர். உண்மையில் காற்று நீரைச் சிதைத்துத் தடுப்பதால் துளிகள் அந்த வேகத்தைப் பெறுவதில்லை. ஆயினும் ஸ்திராட்டோ சொன்ன சான்று கண்முன்னே நிற்கிறது.

எங்கள் தோட்டப் பிள்ளைகளின் பாட்டன்மார் இதை வேறு வழியில் அறிந்திருந்தார்கள். முன்னாளில் மலை உச்சியிலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் கொழுவித் தொழிற்சாலைக்குச் சறுக்கி விடும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. 1890இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தனையில் தோட்டம் வாங்கியபோது இந்தக் கம்பிப் போக்குவரத்தைப் பெரிதும் பயன்படுத்தினார். ஒரு பிள்ளையின் தாத்தா என்னிடம் சொன்னார்: "மேல விடுறப்ப ஆடு மாதிரி போகும் சேர். கீழ வர்றப்ப பேய் மாதிரி வரும்." ஆர்முடுகலுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் ஆசிரியர் கலாசாலையிலும் கேட்டதில்லை.

ஆகவே 'விரைவு கூடுகிறது' என்பது யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஏன் கூடுகிறது, எவ்வளவு கூடுகிறது என்ற இரண்டு கேள்விகளிலேதான் வரலாறு இருக்கிறது.

பக்தாதில் எழுந்த 'ஏன்'

ஏன் என்ற கேள்விக்கு அரிஸ்டோட்டிலின் வழியில் வந்தவர்கள் திருப்தியான விடை சொல்லவில்லை. எறியப்பட்ட கல்லைக் காற்றுத்தான் தள்ளிச் செல்கிறது என்றார்கள். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபொனஸ் இதை மறுத்தார். எறிபவனின் கை கல்லுக்குள் ஒரு வலுவை இட்டு அனுப்புகிறது என்றார். அந்தச் சிந்தனை அறபு மொழிக்கு வந்தபோது இப்னு சீனா (980–1037) அதை 'மய்ல்' என்ற சொல்லால் விளக்கினார். நம் நாவிலுள்ள தூரத்து மைலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அறபியில் மய்ல் என்றால் சாய்வு, நாட்டம். தடை எதுவுமில்லாத வெற்றிடத்தில் எறியப்பட்ட பொருளின் மய்ல் அழியாது, அது நின்றுவிட ஏதுவில்லை என்ற அளவுக்கு அவர் சிந்தித்தார். அப்படி நிற்காத இயக்கத்தை எங்கும் காணாததால், வெற்றிடம் இருக்க முடியாது என்ற முடிவுக்கும் வந்தார்.

12ஆம் நூற்றாண்டில் வந்தவர் அபுல் பரகாத் அல்-பக்தாதி. யூதராய்ப் பிறந்து, மருத்துவராய்ப் புகழ்பெற்று, முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். 'காலத்தின் ஒப்பற்றவர்' என்ற பொருளில் அவ்ஹதுஸ் ஸமான் என்று அழைக்கப்பட்டவர். அவருடைய பெருநூல் 'கிதாபுல் முஃதபர்'. முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக ஏற்காமல், தாமே ஆராய்ந்து உறுதி கண்டவற்றை எழுதியதாக அந்தப் பெயரே சொல்கிறது.

விழும் கல்லைப் பற்றி அவர் சொன்னதன் சாரம் இது. கையிலிருந்து பிரிந்த கல்லுக்கு எறிந்தவன் தூரத்தில் நின்றுவிடுகிறான். ஆனால் கல்லின் பாரம் கல்லை விட்டுப் பிரிவதில்லை. அது ஒவ்வொரு கணமும் புதியதொரு மய்லைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. முன்னையது அழியுமுன் பின்னையது வந்து சேர்கிறது. அதனால் விழ விழ வேகம் கூடுகிறது.

இதன் அருமையைக் கவனியுங்கள். மாறாத ஒரு விசை மாறாத வேகத்தைத் தரும் என்பது பழைய எண்ணம். மாறாத விசை கூடிக்கூடி வரும் வேகத்தைத் தருகிறது என்பது புதிய எண்ணம். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலின் இரண்டாம் விதி நிற்கும் நிலம் இதுதான். இதை 20ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டிய ஆய்வாளர் ஷ்லோமோ பினெஸ், அபுல் பரகாத் அந்த விதியை மங்கலாக முன்னுணர்ந்தார் என்ற கருத்தில் எழுதினார். அந்த 'மங்கலாக' என்பதை நான் மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைக்குரிய விடை இப்போது தெளிவாகிறது. அபுல் பரகாத் 'எவ்வளவு' என்று காணவில்லை. எண் எதையும் தரவில்லை. அவர் கேட்டது ஏன் என்ற கேள்வியை. அதற்கு அவர் காலத்தின் மிகச் சிறந்த விடைகளுள் ஒன்றைத் தந்தார். அவருக்குரிய பெருமை அவ்வளவே, அதற்குக் குறைவுமில்லை.

வெவ்வேறு அறைகளில் இருந்த அறிவு

அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? அதுவல்ல காரணம். வேக மாற்றத்தைக் கணக்கிடும் கை அந்தக் காலத்தில் இருந்தது. ஆனால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறபு வானியலாளர்களின் 'ஸீஜ்' எனப்படும் அட்டவணை நூல்களில் சந்திரனும் கோள்களும் நாளொன்றுக்கு எவ்வளவு நகர்கின்றன, அந்த நகர்வு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் எண்களாக இருந்தன. அபுல் பரகாத் வாழ்ந்த அதே காலத்தில், 1150இல், பாரதத்தில் பாஸ்கரர் தம் 'சித்தாந்த சிரோமணி'யில் ஒரு நாள் முழுவதற்கான சராசரிக் கதியோடு நிற்காமல் அந்தக் கணத்துக்கான கதியையும் கணக்கிட்டார்.

வானியலாளர் வானத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். மெய்யியலாளர் விழும் கல்லைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார். ஒருவர் அறையில் கேள்வி, மற்றவர் அறையில் கணக்கு. நடுவிலிருந்த கதவை எவரும் திறக்கவில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை நெடுங்காலம் இதுவே. 1330களில் ஒக்ஸ்போர்டின் மேர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் சீரான ஆர்முடுகலைத் தெளிவாக வரையறுத்தார்கள்: சமமான நேரங்களில் வேகம் சமமான அளவால் கூடுவது. சீராக ஆர்முடுகும் பொருள், அதே நேரத்தில் தன் நடு வேகத்தோடு மாறாமல் செல்லும் பொருள் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரமே போகும் என்றும் கண்டார்கள். பாரிஸில் நிக்கோல் ஒரெம் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைப் படமாகவே வரைந்தார். நாம் இன்று வகுப்பில் வரையும் வேக–நேர வரைபின் மூதாதை அது. ஆனால் அவர்களும் ஒரு கல்லைக் கீழே போட்டு அளக்கவில்லை. விழும் பொருளின் இயக்கம் இந்த வகையைச் சேர்ந்தது என்று ஸ்பானியரான டொமிங்கோ டி சோட்டோ 1551இல் எழுதியபோதும் அளவு வரவில்லை.

இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, யூக்ளிட் வகுத்த வழி. விகிதம் என்பது ஒரே இனத்து அளவுகளுக்கிடையில்தான் இருக்க முடியும். நீளத்தை நீளத்தோடு ஒப்பிடலாம். நேரத்தை நேரத்தோடு ஒப்பிடலாம். நீளத்தை நேரத்தால் வகுப்பது முறையல்ல. நாம் 'மீற்றரின் கீழ் செக்கன்' என்று இலகுவாக எழுதுவது அவர்களுக்கு அரிசியை நாட்களால் வகுப்பது போலப் பட்டிருக்கும். மற்றத் தடை கடிகாரம். ஒரு செக்கனை நம்பி அளக்கக்கூடிய கருவி எவரிடமும் இல்லை.

சாய்தளமும் தவறான எண்ணும்

கதவைத் திறந்தவர் கலிலியோ. நேராக விழும் பொருள் கண் இமைக்குமுன் தரையைத் தொட்டுவிடுகிறது; அளக்க நேரமில்லை. ஆகவே விழுதலை மெதுவாக்கினார். 12 முழ நீளமான மரச்சட்டத்தில் வழுவழுப்பான தவாளிப்பை வெட்டி, ஒரு முனையை ஒரு முழமோ இரண்டு முழமோ உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டி விட்டார். பெரிய பாத்திரத்தின் அடியிலிருந்து மெல்லிய குழாயால் வழியும் நீரை உருளும் நேரமெல்லாம் சேர்த்து, அதை நிறுத்துப் பார்த்தார். நீரின் நிறையே நேரம். 1638இல் வெளியான நூலில் இவை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்.

அவர் கண்டது இது. அடுத்தடுத்த சமநேரங்களில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களாக வளர்கின்றன. கூட்டிப் பார்த்தால் 1, 4, 9, 16. தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது என்றால் வேகம் நேரத்தோடு சமமாகக் கூடுகிறது என்பதாகும்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. விதியைச் சரியாகக் கண்ட கலிலியோ எண்ணைத் தவறாகச் சொன்னார். 1632இல் வெளியிட்ட மற்றொரு நூலில், இரும்புக் குண்டொன்று 100 முழம் விழ 5 செக்கன் எடுக்கும் என்று எழுதினார். அவர் ஊர் முழத்தை ஏறத்தாழ 58 சென்ரிமீற்றராகக் கொண்டு கணித்தால் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 4.6 மீற்றர் வருகிறது. உண்மை அளவான 9.8இன் பாதிகூட இல்லை.

திருத்தியவர்களுள் ஒருவர் ரிச்சியோலி என்ற பாதிரியார். பூமி சுழலவில்லை என்று வாதாடியவர், கலிலியோவின் எதிரணி. பொலோன்யா நகரத்து அசினெல்லிக் கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டு, ஊசலின் ஆட்டங்களை எண்ணி அளந்தார். ஒற்றை எண் விதி சரி என்று கண்டு, 1651இல் அப்படியே எழுதினார். எதிரி சொன்னது என்பதற்காக அவர் அளவை மறைக்கவில்லை. பிறகு ஊசல் கடிகாரத்தை 1656இல் உருவாக்கிய ஹைகன்ஸ், முதற் செக்கனில் விழும் தூரம் 15 பாரிஸ் அடியும் ஓர் அங்குலமும் என்று கணித்தார். இன்றைய அளவில் அது 4.9 மீற்றர், இரண்டால் பெருக்க 9.8. அந்தப் பிள்ளை கேட்ட எண் முதன்முதலாகச் சரியாக வந்தது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். நாம் கரும்பலகையில் எழுதும் வகுத்தல், வேகத்தின் நுண் மாற்றத்தை நேரத்தின் நுண் மாற்றத்தால் வகுப்பதாக, வாரிஞோனின் கையில் 1700ஐ ஒட்டி உருப்பெற்றது.

ஊசல் பற்றிய என் தவறு

இனி இப்னு யூனுஸ். 1009இல் மறைந்த இந்தக் கெய்ரோ வானியலாளர் மெய்யாகவே மாபெரும் அவதானிப்பாளர். அவருடைய 'ஸீஜ் அல்-ஹாக்கிமி' உலக வானியல் வரலாற்றின் மதிப்புமிக்க நூல்களுள் ஒன்று. ஆனால் ஊசலால் நேரத்தை அளந்தார் என்பதற்கு ஆதாரமில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலே எழுதப்பட்ட ஒரு குறிப்பிலிருந்து தொடங்கி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே அது 'வரலாறு' ஆனது. இஸ்லாமிய வானியலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த டேவிட் கிங் 1979இல் இந்தத் தவறுகளின் தொடரை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினார்.

இதை அறிந்த அன்று என் மனம் சுருங்கியது. சுவர்ப் பத்திரிகையில் என் கையெழுத்தில் அந்த வரி எத்தனை வருடம் தொங்கியது! அதை வாசித்துத் தலைநிமிர்ந்த பிள்ளைகளிடம் இப்போது என்ன சொல்வது? ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு ஊக்கம் தர நினைப்பது பிழையல்ல. ஆனால் பொய்யான படியில் ஏறி நிற்கும் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர் அந்தப் படியை உருவி எடுக்கும்போது விழுவான். அதோடு இப்னு சீனாவையும் அபுல் பரகாத்தையும்கூடப் பொய்யென்று நினைத்துவிடுவான். உண்மையான பெருமையையும் நாமே கெடுத்தவர்களாவோம்.

தெமோதரையின் பாடம்

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எங்கே காட்டுவது என்று யோசித்தபோது, அது வீட்டு வாசலில் கிடப்பது தெரிந்தது.

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. 1894இல் பண்டாரவளைக்கு வந்தது. அங்கிருந்து பதுளையை எட்ட முப்பது வருடங்கள்: 1924. இடையில் 1921இல் முடிந்ததுதான் தெமோதரைக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வர ஐந்நூறு மீற்றருக்கும் மேல் உயரத்தை இழக்க வேண்டும். ஆனால் மலைநாட்டுப் பாதையில் சாய்வு 44க்கு 1 என்ற எல்லைக்குள் இருக்க வேண்டியிருந்தது. அதாவது 44 மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் இறங்கலாம். தெமோதரையில் நிலம் அதைவிடச் செங்குத்தாக இறங்குகிறது. என்ன செய்வது? பாதையை மலையைச் சுற்றி ஒரு வளையமாக நீட்டி, புறப்பட்ட நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் நுழைய வைத்தார்கள். தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்தே பொறியியலாளருக்கு இந்த எண்ணம் வந்தது என்று இந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். அது கதைதான், கதையென்றே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

கணக்கு கதையல்ல. சாய்வில் கட்டற்று உருளும் வண்டியின் ஆர்முடுகல், உராய்வை விட்டுப் பார்த்தால், 9.8ஐ 44ஆல் வகுக்க வருவது: செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 0.22 மீற்றர். அற்பமாகத் தோன்றும். ஆனால் தடுப்பின்றி ஒரு நிமிடம் போனால் வேகம் செக்கனுக்கு 13 மீற்றரைத் தாண்டும். மணிக்கு 48 கிலோமீற்றர். அதற்குள் 400 மீற்றர் ஓடியிருக்கும். உராய்வு இதைச் சற்றுக் குறைக்கும், நிறுத்தாது. சாய்வு இரு மடங்கானால் ஆர்முடுகலும் இரு மடங்கு. இறங்கும்போது தடுப்புக்கும் ஏறும்போது இயந்திரத்துக்கும் அந்தச் சுமை மிகையாகிவிடும்.

ஆகவே தெமோதரை வளையம் செய்வது கலிலியோவின் மரச்சட்டம் செய்ததையே. இறங்கும் உயரம் மாறவில்லை. ஓடும் நீளத்தைக் கூட்டி ஆர்முடுகலைக் குறைத்தார்கள். அவருடைய சட்டம் 12க்கு 1; நம்முடையது 44க்கு 1. நாளும் அந்தப் பாதையில் போய்வரும் பிள்ளைகள் அந்தச் சாய்தளத்தின் மேல் அமர்ந்துதான் போகிறார்கள்.

புகையிரத மேடையில் ஒரு நாள்

அடுத்த தவணையில் பிள்ளைகளை எங்கள் சிறு புகையிரத நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அனுமதி பெற்று, மேடையில் விளிம்புக்கு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்தினேன். ஒருவர் கையில் கைத்தொலைபேசிக் கடிகாரம். கோச்சி அசைந்த கணத்திலிருந்து பத்துப் பத்துச் செக்கனுக்கு அவர் குரல் கொடுக்க வேண்டும். மேடை நெடுக நின்றவர்கள் கடைசிப் பெட்டியின் பின்முனை அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதோ அதற்கு நேரே சோக்கால் கோடு போட வேண்டும். வண்டி போன பிறகு நாடாவால் அளந்தோம்.

முதற் பத்துச் செக்கனில் 5 மீற்றர். அடுத்ததில் 16. பிறகு 24. பிறகு 36.

பிள்ளைகள் வகுத்தார்கள். ஒவ்வொரு பத்துச் செக்கனுக்கும் சராசரி வேகம்: 0.5, 1.6, 2.4, 3.6. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள்: 1.1, 0.8, 1.2. பத்தால் வகுத்தார்கள்: 0.11, 0.08, 0.12. சராசரி ஏறத்தாழ 0.1. எங்கள் கோச்சியின் வேகம் ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றரால் கூடுகிறது.

"மூன்றும் ஒரே எண்ணாக வரவில்லையே சேர்" என்று ஒரு பையன் கவலைப்பட்டான். சோக்குக் கோடு ஒரு மீற்றர் தள்ளிப் போனாலே விடை மாறும், சாரதியின் கையும் சீராக இராது என்று விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் கூவினான்: "சேர், 5, 16, 24, 36. ஐந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 1, 3, 5, 7!"

தாத்தா கண்ட கம்பியும், ஸ்திராட்டோவின் நீரும், அபுல் பரகாத்தின் கல்லும், கலிலியோவின் குண்டும் அந்த மேடையில் ஒன்றாக வந்து நின்றதாக எனக்குப் பட்டது. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த கதவை எங்கள் பிள்ளைகள் சோக்குக் கட்டியால் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையிடம் திரும்பினேன். "மகள், நீங்கள் அன்று கேட்டதற்கு விடை: அபுல் பரகாத் எவ்வளவு என்று காணவில்லை. ஏன் என்று கேட்டார். மற்றவர்கள் ஒரு பொழுதும் அப்படிக் கேட்காத விதத்தில் கேட்டார். இப்னு யூனுஸ் பற்றி நான் சொன்னது பிழை. சுவர்ப் பத்திரிகையில் திருத்தி எழுதப் போகிறேன்."

அது சிறிது யோசித்தது. பிறகு சொன்னது: "அப்படியென்றால் அவர் பாதி செய்தார் சேர். நாங்கள் மீதியைச் செய்தோம்."

இல்லை மகள், மீதியைச் செய்தவர்கள் பலர் என்று திருத்த வாயெடுத்தேன். திருத்தவில்லை. சுவர்ப் பத்திரிகையில் இப்போது இரண்டு தாள்கள் தொங்குகின்றன. ஒன்றில் என் திருத்தம். மற்றதில் அந்த நான்கு எண்கள், அளந்த பிள்ளைகளின் கையெழுத்தில்.